ஹைப்ரிட் காரின் மைலேஜ்: வேகத்தில் நாம் செய்யும் தவறுகள்

பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து இயக்கும் ஹைப்ரிட் கார் வாங்கியவர்களில் பலர், நகர நெரிசலில் கிடைக்கும் மைலேஜைப் பார்த்துவிட்டு, நெடுஞ்சாலையில் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் என்று எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள். சாதாரண பெட்ரோல் காருக்குப் பொருந்தும் அந்தக் கணக்கு, ஹைப்ரிட்டில் பெரும்பாலும் தலைகீழாகிவிடும். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை மோட்டார் மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்ப்பதும், நிற்கும்போதும் ஊரும்போதும் எஞ்சின் தானாக அணைந்துவிடுவதும் இதன் சிக்கனத்துக்கு முக்கியக் காரணங்கள். சீரான வேகத்தில் விரையும் சாலையில் இவ்விரண்டுக்கும் வேலை குறைவு.

ஆகவே, எவ்வளவு வேகமாகப் போனாலும் மோட்டார் ஈடுகட்டிவிடும் என்று நம்புவதே முதல் தவறு. காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100-க்குப் போனால் அது ஏறத்தாழ 56 சதவீதம் கூடுகிறது. 120-ஐத் தொட்டால் 80-இல் இருந்ததைப் போல 2.25 மடங்காகிறது. காற்றைத் தள்ளுவதில் செலவழிந்த ஆற்றலை எந்த மோட்டாராலும் மீட்க முடியாது. கிடைக்கும் ஆதாயமோ குறைந்துகொண்டே வருகிறது: 100 கிலோமீட்டர் தொலைவில், 80-இலிருந்து 100-க்கு உயர்த்தினால் 15 நிமிடம் மிச்சம், 100-இலிருந்து 120-க்கு உயர்த்தினால் 10 நிமிடம்தான்.

அதற்காக மாட்டுவண்டி வேகத்தில் ஊர்வதும் சிக்கனமாகாது. ஏசி போன்ற கருவிகள் நேரக் கணக்கில் மின்சாரம் எடுப்பவை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் ஓடும் ஏசி, 20 கிலோமீட்டர் வேகத்தில் அதே தொலைவுக்கு மூன்று நிமிடம் ஓடுகிறது.

எஞ்சினை எழுப்பிவிடக் கூடாது என்று ஆக்ஸிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஓட்டுவோர் உண்டு. கார் மின்சாரத்தில் மட்டும் ஓடுவதைக் காட்டும் பச்சை நிற ‘ஈவி’ விளக்கு எரிவதைப் பார்ப்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கத்தான் செய்கிறது. ஆனால், வெளியே சார்ஜ் செய்ய முடியாத ஹைப்ரிட்டில், பேட்டரியில் உள்ள மின்சாரமும் பெட்ரோலிலிருந்து வந்ததே. பேட்டரி இறங்கியதும் எஞ்சின் கூடுதலாக உழைத்து அதை நிரப்ப வேண்டும். மின்சாரமாக மாற்றுவதிலும், சேமிப்பதிலும், மீண்டும் இயக்கமாக்குவதிலும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இழப்பு நேர்கிறது. மிதமாக அழுத்தி, வேண்டிய வேகத்தை எட்டியபின் காலைத் தளர்த்துவதே மேல்.

பிரேக் விஷயத்தில்தான் இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 1,500 கிலோ எடையுள்ள காரின் இயக்க ஆற்றல் சுமார் 5.8 லட்சம் ஜூல். அதை 5 விநாடியில் நிறுத்தினால் சராசரியாக 115 கிலோவாட் அளவுக்கு ஆற்றல் வெளிப்படும். சாதாரண ஹைப்ரிட்டின் சிறிய பேட்டரியால் அவ்வளவையும் உள்வாங்க இயலாது என்பதால், மிச்சமெல்லாம் பிரேக் தட்டுகளில் வெப்பமாகக் கரைந்துவிடும். முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்தவுடனேயே காலை எடுத்து, 25 விநாடியில் மெதுவாக நிறுத்தினால் அதே கணக்கு 23 கிலோவாட்டாகக் குறைகிறது. வேகம் கூடக்கூட முன்கூட்டியே காலை எடுக்கும் பழக்கத்தின் மதிப்பும் கூடுகிறது.

இறக்கத்தில் நியூட்ரலுக்கு மாற்றுவது பழைய கார்ப் பழக்கம். டொயோட்டா பிரியஸ் போன்ற கார்களில் நியூட்ரலில் பேட்டரி சார்ஜ் ஆகாது, பாதுகாப்பும் குறையும். கியரில் உள்ள ‘B’ நிலை, அதாவது எஞ்சினைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும் நிலை, நீண்ட இறக்கங்களுக்கானது, சமதளத்தில் அது வேண்டாம்.

வேகத்தை மாற்றிப் பார்த்து மைலேஜை ஒப்பிட விரும்புவோர், திரையில் நொடிக்கு நொடி தாவும் எண்ணை நம்ப வேண்டாம். எஞ்சின் அணைந்திருக்கும் நேரத்தில் அது உச்சத்தில் நிற்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும் தொடக்கக் கிலோமீட்டர்களின் எண்ணும் ஒப்பீட்டுக்கு உதவாது. டேங்கை முழுதாக நிரப்பி, ஓடிய தொலைவைக் குறித்து, அடுத்த முறை நிரப்பும் லிட்டரால் வகுத்துப் பார்ப்பதும், அதையே ஒரே சாலையில் வேறு வேகத்தில் செய்துபார்ப்பதும் நம்பகமான வழி.