சிங்கி இறால் குறைந்தால் கடல்தான் காரணமா? குமரிக் கடலோர ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளச்சலிலோ முட்டத்திலோ சிங்கி இறால் பாடு (பிடிபடும் அளவு) குறைந்துவிட்டது என்று காதில் விழுந்ததுமே, "கடல் சூடாகிவிட்டது" என்று எழுதிவிடக் கூடாது. கடல் சூடாவது உண்மைதான். ஆனால் பாடு குறைந்ததற்கு அதுதான் காரணம் என்று சொல்லுமுன், மனிதர்களால் வந்த மாற்றங்களைக் கழித்துப் பார்க்க வேண்டும். எத்தனை வள்ளங்கள் போயின? வலையா, கூடா (பொறிக்கூடு)? வலை எத்தனை இரவு பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) கிடந்தது? கூடு வைத்தவர் வலைக்கு மாறியிருந்தால், கரைக்கு வந்த எடையை மட்டும் வைத்து இரு காலங்களை ஒப்பிட முடியாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தது. அதற்குப் பிறகு தொழிலுக்கே போகாத நாட்களும் கணக்கில் 'சிங்கி இல்லாத' நாட்களாகத்தான் தெரியும்.

இந்த மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கிழக்கே சின்னமுட்டம் பக்கம் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். மேற்கே குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டையும் ஒரே மாதக் கணக்கில் கூட்டினால் பருவமாற்றம் என்று எதையோ கண்டுபிடித்ததாகத் தோன்றும்.

அடுத்த தவறு, செயற்கைக்கோள் தரும் வெப்பநிலையை அப்படியே எடுத்துக்கொள்வது. அது காட்டுவது கடலின் மேற்பரப்பை. சிங்கி ஒளிந்திருப்பது அடியில், பாரின் இடுக்கில். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆழத்துக் குளிர்நீர் மேலேறி வருவதால் அடிநீரும் மேல்நீரும் பெரிதும் வேறுபடலாம். அந்த மாதங்களில்தான் மேகமும் படத்தை மறைக்கும். பாரிலேயே ஒரு வெப்பப் பதிவுக்கருவியைக் கட்டிவையுங்கள். நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம் ஓடுகிறது, தண்ணீர் கலங்கலா தெளிவா என்று தொழிலாளிகளிடம் அன்றன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். "முன்ன போல சிங்கி படலதான அண்ணே?" என்று கேட்டால் "ஆமா" என்றுதான் பதில் வரும். "சுனாமிக்கு முன்னால எந்தப் பாருக்குப் போவீங்க, என்ன வலை போடுவீங்க?" என்று கேளுங்கள்.

அமெரிக்காவின் மெய்ன் வளைகுடா ஆய்வுகளை இங்கே பொருத்துவதும் தவறு. அங்கே இருப்பது பெரிய இடுக்கி கொண்ட குளிர்நீர் இனம். நம் சிங்கி வெப்பக்கடல் இனம். அந்தப் பெரிய இடுக்கி இதற்குக் கிடையாது. அந்த இனத்தின் வெப்ப வரம்பு இதற்குப் பொருந்தாது.

முட்டையிலிருந்து வரும் குஞ்சு இலைபோல் தட்டையாக, பல மாதங்கள் நடுக்கடலில் மிதந்து திரியும். முட்டத்துப் பாரில் வந்து தங்குவது முட்டத்துத் தாயின் குஞ்சாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே இந்த ஆண்டுப் பாட்டை இந்த ஆண்டு வெப்பநிலையோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். முந்தைய ஆண்டுகளின் நீரோட்டத்தையும் பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது அளவெடுக்கும் இடம். பலர் வியாபாரியின் தொட்டிக்குப் போய் அளக்கிறார்கள். 2003 முதல் ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை உண்டு: நம் சிங்கியில் பானுலிரஸ் ஹோமாரஸ் இனத்துக்கு 200 கிராம், பானுலிரஸ் ஆர்னேட்டஸுக்கு 500 கிராம். தொட்டிக்கு வருவது ஏற்கெனவே தரம் பிரித்த சரக்கு. அதில் சிறியவை இல்லாததைப் பார்த்து "சிங்கி பெரிதாகிவிட்டது" என்று எழுதினால் மொத்த ஆய்வும் வீண். சிங்கி ஓடு உரித்து வளர்வதால், மீனின் செவிக்கல்லை (காதினுள் வளரும் சிறு கல்லை) பார்த்து வயது சொல்வதுபோல் இதற்கு எளிதில் சொல்ல முடியாது. அளவுதான் நம் கையில் இருக்கும் சான்று.

வலையிலிருந்து கழற்றும்போதே அளந்துவிடுங்கள். கண் கொம்புகளுக்கு நடுவிலிருந்து தலை ஓட்டின் பின்விளிம்பு வரை, காலிப்பரில். வால் மடங்கும், மீசை ஒடியும். மொத்த நீளத்தை நம்ப முடியாது. மீசையோ காலோ ஒடிந்த உயிர்ச் சிங்கிக்கு விலை இறங்கும், நஷ்டம் வலைக்காரருக்கு. அதனால் கேட்டுவிட்டுத் தொடுங்கள். முதுகைப் பிடித்துத் தூக்குங்கள். சினைச் சிங்கியையும் சிறியதையும் தனியே குறித்துக்கொண்டு, வலைக்காரர் சம்மதித்தால் உடனே கடலில் விட்டுவிடுங்கள்.