பழைய டிராக்டர் முதல்முறையாக வாங்குகிறீர்களா? பலரும் செய்யும் தவறுகள்

டெல்டாவில் பழைய டிராக்டர் தேடி ஊர் ஊராகப் போகிறவர்களை மே மாதக் கடைசியில்தான் அதிகம் பார்க்கலாம். ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்துவிடுவார்கள் என்ற கணக்கு. போன வருடம் வாடகை வண்டிக்குக் காத்திருந்து நாற்று முற்றிப்போன வருத்தம் இன்னும் மனதில் இருக்கும். இந்த முறை சொந்த வண்டிதான் என்று முடிவெடுத்து, கையில் இருக்கும் பணத்தோடு கிளம்பிவிடுவார்கள். அந்த அவசரம் விற்பவருக்கும் தெரியும், புரோக்கருக்கும் தெரியும். கீழே நான் சொல்லப்போகும் தவறுகளில் பாதி அதிலிருந்து பிறப்பவை. சம்பா அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் நிதானமாகத் தேடுங்கள். பிடிக்காத வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வர அப்போது நேரம் இருக்கும்.

என் முதல் வண்டியை நானும் வைகாசியில்தான் வாங்கினேன். புதுப் பெயின்ட், புது சீட். ஓட்டிப் பார்த்தேன், நன்றாகவே ஓடியது. சேற்றில் இறக்கிய நாலாம் நாள் இடது முன்சக்கரம் ஆட ஆரம்பித்தது. மெக்கானிக் வந்து சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைக் கழற்றினார். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் களி. பேரிங்கின் உருளைகளில் இரண்டு உடைந்து அவர் உள்ளங்கையில் விழுந்தன. "இது இந்த வருஷத்துச் சேறு இல்லண்ணே, பழசு" என்றார். நடவு ஆட்கள் கரையில் காத்திருக்க, வண்டி வயல் நடுவே இரண்டு நாள் நின்றது. அன்றிலிருந்து எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் நான் முதலில் குனிந்து பார்ப்பது முன் அச்சைத்தான்.

மாடல் வருடத்தை வைத்து விலை பேசுவது

கார் வாங்கிப் பழகியவர்கள் செய்யும் தவறு இது. டிராக்டருக்கு வயதைவிட, அது என்ன வேலை செய்தது என்பதுதான் முக்கியம். பத்து வருடம் மானாவாரிக் காட்டில் உழவு மட்டும் ஓட்டிய வண்டி, நான்கு வருடம் சூளைக்குச் செங்கல் இழுத்த வண்டியைவிட உறுதியாக இருக்கும். மூன்று விதமான வாழ்க்கை உண்டு: புழுதி உழவு, சேற்று உழவு, டிரெய்லர் லோடு. வண்டி எதில் காலம் கழித்தது என்பதை அதன் உடம்பே சொல்லிவிடும்.

லோடு இழுத்த வண்டியின் பின் டயரில் பட்டைகள் நடுவில் தேய்ந்து மழமழவென்று இருக்கும். தார் ரோடு தின்ற அடையாளம் அது. டிரெய்லரைக் கோக்கும் இரும்பு முளை மாட்டும் துளையில் விரலை விட்டுப் பாருங்கள். வட்டமாக இருந்தால் நல்லது. முட்டை வடிவத்துக்கு அகன்றிருந்தால், நிறைய டன் அதன் வழியே போயிருக்கிறது என்று பொருள். கிளட்ச் ஹவுசிங், கியர்பாக்ஸ் சேரும் இடங்களில் வெல்டிங் தழும்பு இருந்தால், என்ன காரணம் சொன்னாலும் நான் அந்த வண்டியை விட்டுவிடுவேன்.

சேற்றில் உழன்ற வண்டியின் நோய் வேறு. கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரத்தை மாட்டிச் சேறடிக்கும்போது முன் ஹப்பும் பின் அச்சின் முனைகளும் மணிக்கணக்கில் தண்ணீருக்குள் இருக்கும். ஆயில் சீல் கொஞ்சம் கிழிந்திருந்தாலும் சேறு உள்ளே போய்விடும். முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பிறகு கையால் சுற்றிவிட்டுக் காது கொடுங்கள். கரகரவென்று மணல் அரைபடும் சத்தம் வந்தால் பேரிங் போய்விட்டது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியானால் முன் அச்சு ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது.

வண்டி எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் ஹவர் மீட்டரை நம்பி விலை பேசாதீர்கள். பல பழைய வண்டிகளில் அது நின்று வருடங்கள் ஆகியிருக்கும், அல்லது மாற்றியிருப்பார்கள். ஓடுகிற மீட்டரும் கடிகாரம் மாதிரி ஓடுவதில்லை. பழைய வகை மீட்டர் என்ஜின் சுற்றை வைத்துத்தான் மணியைக் கூட்டும். மெதுவாக ஓடிய நேரம் அதில் குறைவாகவே ஏறியிருக்கும். கிளட்ச் பெடலின் தேய்மானமும் ஸ்டீயரிங்கில் கை படும் இடமும் அதைவிட நேர்மையாகப் பேசும்.

சூடான என்ஜினைப் பார்த்துவிட்டு வருவது

நீங்கள் வருவதற்கு முன்பே வண்டியை ஓட விட்டுச் சூடாக்கி வைத்திருப்பார்கள். சூடான என்ஜின் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். காலையில் போகிறேன், நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். போனதும் சைலன்சர் மேலும் ரேடியேட்டர் மேலும் கை வையுங்கள். சூடு இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இன்னொரு சோதனையும் செய்யலாம். என்ஜின் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பின் அடியில் உள்ள போல்ட்டை அரைச்சுற்று தளர்த்தச் சொல்லுங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கியிருக்கும். முதல் சொட்டுகள் தண்ணீராக வந்தால் ஹெட் கேஸ்கெட்டோ (என்ஜின் தலைக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) லைனரோ (பிஸ்டன் ஓடும் உருளை உறை) ஒழுகுகிறது. இதற்குச் சம்மதிக்காத ஆள் ஏன் சம்மதிக்கவில்லை என்று யோசியுங்கள்.

அப்புறம் ஸ்டார்ட் செய்து புகையைப் பாருங்கள். குளிரில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து ஓரிரு நிமிடத்தில் தெளிந்தால் கவலை இல்லை. நீலம் நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங்கோ லைனரோ தேய்ந்துவிட்டது, என்ஜின் வேலை காத்திருக்கிறது. கறுப்புப் புகை லோடில் மட்டும் வந்தால் ஏர் கிளீனரோ இன்ஜெக்டரோ காரணமாக இருக்கலாம். அது சின்னச் செலவிலும் முடியலாம்.

தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது எதற்கும் போதாது. ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டி ஒரு வயலில் அரை மணி நேரம் உழுது பாருங்கள். டீசல் காசை நீங்களே கொடுங்கள். என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு ஐடிலில் ஆயில் பிரஷர் முள் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். குளிரில் நன்றாக நின்ற முள் சூட்டில் தரைக்கு வந்தால் உள்ளே பேரிங் தேய்ந்திருக்கிறது. கலப்பையைத் தூக்கியபடி என்ஜினை நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். கொஞ்சம் இறங்கியிருந்தால் பரவாயில்லை, தரையைத் தொட்டிருந்தால் ஹைட்ராலிக்கில் கசிவு. கிளட்சைச் சோதிக்க, பிரேக்கை அழுத்திப் பிடித்து உயர்ந்த கியரில் மெல்லக் கிளட்சை விடுங்கள். என்ஜின் அணைந்துவிட வேண்டும். அணையாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது.

பின் டயர் ஜோடி ஐந்து இலக்கச் செலவு. விலை பேசும்போது அதை முன்கூட்டியே கழித்துவிடுங்கள்.

பேப்பரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

ஆர்.சி. புக்கில் உள்ள என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் வண்டியில் உள்ளதோடு உங்கள் கண்ணால் ஒப்பிடுங்கள். நம்பர் இருக்கும் இடம் கிரீஸ் படிந்திருந்தால் துடைத்துவிட்டுப் படியுங்கள். ஹைப்போதிகேஷன் (வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற குறிப்பு) என்று வங்கிப் பெயரோ பைனான்ஸ் பெயரோ இருந்தால், கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்றும் அந்தக் குறிப்பை நீக்குவதற்கான படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணமும் கொடுக்க வேண்டாம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வேண்டும். விவசாய டிராக்டரின் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும், பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டியில் அந்தத் தேதி தாண்டிவிட்டதா என்று பாருங்கள்.

"பேரு மாத்தாமலே ஓட்டிக்கலாம், ஊர்ல யாரு கேக்கப்போறா" என்று இரு தரப்பும் ஒத்துக்கொள்வது சாதாரணம். இதில் விற்பவருக்குத்தான் ஆபத்து அதிகம். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இதை அவரிடம் எடுத்துச் சொன்னால் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அவரே கூட வருவார். இன்சூரன்சையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள்.

வாங்கிய மறுநாளே வயலில் இறக்குவது

"இப்பதான் எல்லா ஆயிலும் மாத்தினேன்" என்ற பேச்சை மரியாதையோடு கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். என்ஜின் ஆயில், அதன் பில்டர், டீசல் பில்டர்கள், கியர்பாக்ஸ் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர். அன்றைய தேதியையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். இனி உங்கள் கணக்கு அங்கிருந்து தொடங்கும். என்ஜின் ஆயில் பல மாடல்களில் 250 மணி நேரத்துக்கு ஒரு முறை. உங்கள் வண்டியின் கையேட்டில் அதைவிடக் குறைவாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஏர் கிளீனரை அலட்சியம் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. புழுதி உழவில் வண்டி மூச்சாக இழுப்பது மண்ணைத்தான். ஆயில் கிண்ண வகையானால் உழவு நாட்களில் தினமும் கழற்றிப் பாருங்கள். அடியில் சேறு கட்டியிருந்தால் கழுவி, கோடு வரைக்கும் மட்டும் ஆயில் ஊற்றுங்கள். அதிகமாக ஊற்றினால் என்ஜின் அதையும் உறிஞ்சிவிடும். காகித பில்டர் வகையைத் தரையில் தட்டாதீர்கள். உள்ளிருந்து வெளியே மெல்லக் காற்றடிக்க வேண்டும்.

ரேடியேட்டருக்குப் போர் தண்ணீர் ஊற்றுவது எங்கள் பக்கம் எல்லோரும் செய்வது. டீ பாத்திரத்தில் படியும் அதே வெள்ளை உப்பு என்ஜினுக்குள்ளும் படியும். இரண்டு கோடை தாண்டியதும் வண்டி சூடேறத் தொடங்கும், யாருக்கும் காரணம் புரியாது. கூலன்ட் ஊற்றுங்கள். வைக்கோல் தூசி ரேடியேட்டர் வலையை அடைக்கும், அதையும் தட்டிவிடுங்கள்.

சேறடித்த நாளில் வண்டியைக் கழுவிவிட்டு அன்று மாலையே கிரீஸ் அடியுங்கள். கிரீஸ் ஏற்றும் முனையான நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து, பழைய கிரீஸும் அதோடு தண்ணீரும் வெளியே பிதுங்கி, புது கிரீஸ் தலை காட்டும்வரை அடிக்க வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ராத்திரி முழுக்கத் தண்ணீர் பேரிங்கோடு உட்கார்ந்திருக்கும்.

உயிரோடு விளையாடும் மூன்று பழக்கங்கள்

ரோட்டில் போகும்போது இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துக் கொக்கி போடாமல் விடுவது ஒன்று. வேகத்தில் ஒரு பக்கப் பிரேக் மட்டும் பிடித்தால் வண்டி சுழன்று கவிழும்.

பி.டி.ஓ. (பின்னால் மாட்டும் கருவிகளுக்கு என்ஜின் சுழற்சியைக் கொடுக்கும் தண்டு) ஓடும்போது பக்கத்தில் போவது இன்னொன்று. நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. வேட்டி நுனியோ துண்டோ சிக்கினால் கத்தக்கூட நேரம் இருக்காது. ஷாஃப்ட்டின் மேல் கவர் இல்லாமல் வண்டி வந்தால், முதல் செலவு அந்தக் கவருக்குத்தான்.

மூன்றாவதைப் பற்றி நான் எல்லாப் பையன்களிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பின் சக்கரம் சேற்றில் புதைந்தால் சக்கரத்துக்குக் குறுக்கே கட்டையைக் கட்டி முன்னால் எடுக்கப் பார்ப்பார்கள். சக்கரம் சுற்ற முடியாமல் நின்றுவிடும், என்ஜின் தன் பலத்தையெல்லாம் வண்டியின் உடம்பைத் தூக்குவதில் செலுத்தும். முன்பக்கம் மேலெழும்பி, கிளட்சை மிதிக்க நினைப்பதற்குள் வண்டி ஓட்டுபவர் மேலேயே மல்லாக்க விழும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது இதுதான்: என்ஜினை நிறுத்தி, கலப்பையைக் கழற்றி, சக்கரத்தின் பின்பக்கச் சேற்றை மண்வெட்டியால் வெட்டி எடுத்து, வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெல்ல வாருங்கள். வரவில்லை என்றால் இன்னொரு டிராக்டரைக் கூப்பிட்டு இழுக்கச் சொல்லுங்கள். இழுக்கும் வண்டியில் சங்கிலியை, கலப்பையின் மேல்பக்கத்தைப் பிடிக்கும் டாப் லிங்க்கிலோ சீட்டுக்குப் பின்னாலோ மாட்டாமல், பின் அச்சுக்குக் கீழே இருக்கும் இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களைச் சங்கிலியின் நீளத்தைவிட அதிகத் தூரம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு இழுக்கத் தொடங்குங்கள்.