இலக்கை எழுதிச் சுவரில் ஒட்டுவதற்கு முன்னால்

இலக்கை எழுதி வைத்தவன்தான் ஜெயிப்பான் என்று சொல்பவர்கள் கூடவே ஒரு கதையும் சொல்வார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1953-ல் படித்து முடித்தவர்களில் இலக்கை எழுதி வைத்தவர்கள் வெறும் 3 சதவீதமாம், இருபது வருஷம் கழித்துப் பார்த்தால் மீதி 97 சதவீதம் பேரிடமும் சேர்த்து இருந்ததைவிட அவர்களிடம் அதிகச் சொத்து இருந்ததாம். அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை.

தமிழ்நாடு அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வை எடுத்துக்கொள்வோம். வடசென்னையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று எந்தத் தெருவில் கேட்டாலும் அதற்குப் படிக்கிற ஒருவர் இருப்பார். 2024 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244, அப்புறம் கூட்டினார்கள். எழுதியவர்களோ 15 லட்சத்துக்கும் மேல். தோற்றவர்களிலும் எத்தனையோ பேர் இலக்கை எழுதி ஒட்டி, விடியற்காலையில் எழுந்து படித்தவர்கள்தான், ஆனால் அவர்களை யாரும் மேடையேற்றிப் பேசச் சொல்வதில்லை.

அதனால் முதல் வேலை, தேர்வில் இடம் கிடைக்காதவர்கள் இரண்டு மூன்று பேரிடம் போய்ப் பேசுவது. எதில் மதிப்பெண் போனது, எப்போது சோர்ந்து போனார்கள் என்று கேளுங்கள். ஜெயித்தவரிடம் கேட்க வேண்டியது வேறு: படித்த காலத்தில் வீட்டுச் செலவை யார் பார்த்துக்கொண்டது? இதை விட்டுவிட்டு உழைப்பை மட்டும் பேசுவது, வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம். புது வண்ணாரப்பேட்டை காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். அந்தப் பெண்ணின் உழைப்பு பெரிது, சந்தேகமே இல்லை. ஆனால் ஆட்டோ ஓட்டுகிற அப்பாவே கேரம் சொல்லிக்கொடுப்பவர் என்பதையும் சேர்த்துத்தான் அந்த வெற்றியைப் பார்க்க வேண்டும். உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க, கூட உட்கார்ந்து படிக்க யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அந்த ஆளைத் தேடுங்கள்.

அப்புறம், 'பாஸ் ஆகணும்' என்பதை எடுத்துவிடுங்கள். கட் ஆஃப் மற்றவர்கள் எழுதுவதைப் பொறுத்தது, அது உங்கள் கையில் இல்லை. இந்த வாரம் ஒரு முழு மாதிரித் தேர்வு, 200 கேள்வியும், தப்பானதை மறுநாள் திரும்பப் போடுவது: இது உங்கள் கையில் இருக்கிறது.

எப்போது, எங்கே என்பதையும் சேர்த்தே முடிவு பண்ணுங்கள். பீட்டர் கோல்விட்ஸர் என்கிற உளவியலாளர் பல வருஷம் ஆராய்ந்து சொன்னது இதுதான்: 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே தீர்மானித்தவர்கள், செய்ய வேண்டும் என்று வெறுமனே நினைத்தவர்களைவிட அதிகமாகச் செய்து முடித்தார்கள். 'தினமும் படிப்பேன்' போதாது. 'ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டதும் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன், மழை என்றால் எதிர் வீட்டு அக்கா வீட்டில்' என்ற அளவுக்கு இறங்க வேண்டும். ஒரே அறையில் ஐந்து பேர், டிவி சத்தம், காலையில் தண்ணி லாரி வந்தால் குடத்தோடு ஓட வேண்டும் என்றிருக்கிற வீட்டில், எந்த நேரம் நிஜமாகவே உங்களுடையது என்று ஒரு வாரம் கவனித்துவிட்டு எழுதுங்கள். கொளத்தூர் பக்கம் இருப்பவர்கள் அங்கே உட்கார்ந்து படிக்க வசதியுள்ள 'முதல்வர் படைப்பகம்' என்ற மையத்தில் இடம் கிடைக்குமா என்று விசாரிக்கலாம்.

கடைசியாக, நிறுத்துகிற இடம். விடாமுயற்சி என்ற பேரில் முப்பது வயது வரைக்கும் கடன் வாங்கிப் படிப்பவர்களைப் பார்க்கும்போது மனசு தாங்கவில்லை. 'இரண்டு தேர்வு, இரண்டாவதில் மதிப்பெண் ஏறவில்லை என்றால் வேறு வேலை' என்பதை ஆரம்பிக்கும்போதே எழுதி, தேதி போட்டு, அம்மாவிடமோ அண்ணனிடமோ கொடுத்து வையுங்கள். அந்த வேறு வேலை என்ன என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.