லைட் எரியவில்லை, சத்தம் வரவில்லை: மாதிரி ரயில் இஞ்சின்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இஞ்சினில் முன் லைட் அணைந்தாலும் ஹோர்ன் ஊத மறுத்தாலும் எங்கள் ஆட்கள் முதலில் சொல்வது ஒன்றுதான்: "அண்ணை, டிகோடர் எரிஞ்சிட்டுது போல." கன்ட்ரோலரின் கட்டளையைப் படித்து மோட்டரையும் லைட்டையும் சத்தத்தையும் இயக்கும், இஞ்சினுக்குள் இருக்கும் சிறு சர்க்கிட்தான் டிகோடர். அடுத்த நிமிடம் ஸ்குரூ டிரைவர் கைக்கு வந்துவிடும். பாதிப் பழுது அங்கேதான் உண்டாகிறது. டிகோடர் சும்மா இருக்கச் சாவது அரிது. ஆனால் இஞ்சினின் மேல்கூட்டை அவசரமாக இழுக்கும்போது தலைமயிர் பருமனான வயர் ஒன்று அறுவது சாதாரணம். அழுக்குச் சில்லோடு வந்த இஞ்சின் அதன் பிறகு உண்மையான நோயாளி ஆகிவிடும்.

ஆகவே கூட்டில் கை வைப்பதற்கு முன் வெளியே பார்க்க வேண்டியவற்றைப் பார்த்து முடியுங்கள்.

சத்தம் மட்டும் இல்லை என்றால் கன்ட்ரோலரில் எஃப் 8ஐ ஒருமுறை அழுத்துங்கள். பல சவுண்ட் டிகோடர்களில் சத்தத்தை அடக்கும் பொத்தான் அதுதான். லொக்சவுண்ட் என்ற சவுண்ட் டிகோடர் வகைகளில் பெரும்பாலும் எஃப் 1 போட்டால்தான் இஞ்சின் 'ஸ்டார்ட்' ஆகும். வீட்டில் பிள்ளைகள் கன்ட்ரோலரைத் தட்டிவிட்டுப் போயிருந்தால் இதற்கு மேல் தேட வேண்டியிருக்காது.

லைட் எரிகிறது, ஹோர்ன் ஊதுகிறது, இஞ்சின் மட்டும் அசையவில்லை. இதைக் கண்டு மோட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். எப்போதோ இரண்டு இஞ்சின்களைச் சேர்த்து ஓட்டியிருப்பீர்கள். முகவரி என்பது கன்ட்ரோலர் இஞ்சினை அழைக்கும் இலக்கம், சிவி என்பது டிகோடர் தன் அமைப்புகளை வைத்திருக்கும் எண்ணிட்ட இடம். அந்த இணைப்பு முகவரி சிவி 19இல் அப்படியே கிடக்கும். லைட்டும் சத்தமும் சொந்த முகவரிக்குப் பதில் சொல்லும், வேகக் கட்டளையை மட்டும் இணைப்பு முகவரியில்தான் கேட்கும். சிவி 19க்கு 0 எழுதினால் ஓடத் தொடங்கும்.

வேகத்தைக் கூட்டக் கூட்ட முன் லைட் அணைந்து அணைந்து எரிகிறதா? வயர் தளர்ந்ததாக நினைத்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. கன்ட்ரோலர் வேகத்தை 28 படியாகப் பிரித்துப் பேசுகிறது, டிகோடர் 14 படியாகக் கேட்கிறது. 14 படி முறையில் லைட்டுக்கு ஒதுக்கிய அதே பிட், 28 படி முறையில் வேகத்தின் ஒரு பகுதி. அதனால் ஒவ்வொரு படிக்கும் லைட் மாறி மாறி எரியும். சிவி 29இல் 6 எழுதினால் சரியாகிவிடும் என்று பலரும் சொல்லித் தருவார்கள். சிவி 1இல் உள்ள சிறிய முகவரிக்கு அது சரி. இலங்கை ரயில்வேயின் எம்2 வகை டீசல் இஞ்சினின் 591 என்ற இலக்கத்தையே முகவரியாக வைத்திருப்பவர் 6 எழுதினால் நீள முகவரி செயலிழந்து, இஞ்சின் பழையபடி 3 என்ற சிறிய முகவரிக்கோ வேறு எதற்கோ பதில் சொல்லும். அவருக்கு 38தான் சரி. 6உடன் கூட்டும் 32 நீள முகவரிக்கு உரிய பெறுமதி.

இனி அழுக்கு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடலைப் பார்த்த அறையில் லேஅவுட் (தண்டவாளம் பரப்பிய மாதிரித் தளம்) வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உப்புக் காற்றும் ஈரமும் தண்டவாளத்தில் ஒரு மங்கல் படலத்தை வைத்துக்கொண்டே இருக்கும். மோட்டருக்கு ஒரு கணம் கரன்ட் விட்டுப் போனாலும் இஞ்சின் தன் வேகத்திலேயே கடந்துவிடும். சவுண்ட் டிகோடருக்கு அந்தப் பொறுமை கிடையாது. தொடர்பு அறுந்ததும் நின்று, முதலிலிருந்து ஸ்டார்ட் ஆகும். ஒரே பொயின்டில் எல்லா இஞ்சினும் இருமுகிறது என்றால் குறை தண்டவாளத்தில். ஒரே இஞ்சின் எல்லா இடத்திலும் இருமுகிறது என்றால் அதன் சில்லில்.

துடைக்கும் விதத்திலும் இரண்டு தவறுகள் உண்டு. ஒன்று, பாமசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட். காயத்துக்கு நல்லதுதான், ஆனால் பல தயாரிப்புகளில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும். காய்ந்தபின் மெல்லிய எண்ணெய்ப் படலம் மிஞ்சும். சுத்தமான ஐசோபுரோப்பைல் அல்கஹோல் என்று கேட்டு வாங்குங்கள். மற்றது இரும்புக் கம்பளி. அதன் தூளை மோட்டரின் காந்தமும் ஸ்பீக்கரின் காந்தமும் இழுத்துக்கொள்ளும். பிறகு ஸ்பீக்கர் கரகரக்கும், காரணம் தெரியாமல் நீங்கள் வொலியூமைக் குறைத்துக்கொண்டிருப்பீர்கள்.

லேஅவுட்டின் தூர மூலையில் பத்து ரூபாய்க் குற்றியை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வைத்துப் பாருங்கள். தண்டவாளத்துக்குக் கரன்ட் கொடுக்கும் பூஸ்டர் உடனே 'ட்ரிப்' ஆக, அதாவது தானாக நிற்க, வேண்டும். ஆகவில்லை என்றால் அந்த இடத்துக்குப் போகும் வயர் மெலிது, அல்லது எங்கோ மூட்டு இளகியிருக்கிறது. அப்படியே விட்டால், ஒரு நாள் தடம் புரண்ட இஞ்சின் ட்ரிப் ஆகாத கரன்ட்டில் வறுபடும்.

கொழும்புக்காரர் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எங்களுக்குச் சாமான் வருவது பெரும்பாலும் பார்சலில். லண்டன் மாமா அனுப்பும் ஹோர்ன்பி பெட்டியில் கரன்ட் பிரச்சினை இல்லை. அங்கேயும் இங்கேயும் 230 வோல்ட். டொரன்டோ சித்தப்பா அனுப்பும் செட் வேறு கதை. அதன் அடப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டதாக இருக்கலாம். பிளக்கை மாற்றும் குட்டி அடப்டர் வோல்ட்டை மாற்றாது. பழைய ட்ரான்ஸ்போமர் வகை என்றால் வெளியே வருவதும் ஏறக்குறைய இரட்டிப்பாகும், இஞ்சினில் உள்ள அத்தனையும் போகும். பின்பக்கச் சிற்றெழுத்தில் 100–240 என்று இருந்தால் மட்டும் சுவரில் செருகுங்கள். இல்லையென்றால் இங்கே 230 வோல்ட்டுக்குச் செய்த, அதே வெளியீடு தரும் சப்ளை ஒன்றை வாங்குங்கள்.

இப்போது கூட்டைத் திறக்கலாம்.

எட்டுப் பின் பிளக் உள்ள இஞ்சினில் புதிதாக டிகோடர் போட்டபின் ஓட்டம் சரி, லைட் மட்டும் இல்லை என்றால் பிளக் தலைகீழாக இருக்கிறது. செம்மஞ்சள் வயர் இருக்கும் மூலைதான் முதலாம் பின். போர்டில் அந்த மூலையில் 1 என்றோ முக்கோணமாகவோ குறி இருக்கும். திருப்பிச் செருகும்போது லைட்டுகளின் பொது வயரான நீலமும் பச்சையும் இடம் மாறுவதால்தான் லைட் எரிவதில்லை. பொதுவாக இதனால் சேதம் வராது, கழற்றித் திருப்பினால் போதும்.

மற்ற நிறங்களையும் மனதில் வைத்திருங்கள்: சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்திலிருந்து வருபவை, செம்மஞ்சளும் சாம்பலும் மோட்டருக்கு, வெள்ளை முன் லைட், மஞ்சள் பின் லைட். நீலம் பொசிட்டிவ். எல்இடியின் நீளக் கால் நீலத்துக்குப் போக வேண்டும்.

எல்இடிக்குத் தடை (ரெசிஸ்டர்) போடாமல் இணைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 15 வோல்ட்டில் வெள்ளை எல்இடி ஏறக்குறைய 3ஐ எடுத்துக்கொள்ளும். மிச்சம் 12. ஒரு கிலோ ஓம் போட்டால் 12 மில்லியம்பியர். எரியும், ஆனால் கண்ணைக் குத்தும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போனால் 4.7, 10 கிலோ ஓம் தடைகளையும் சேர்த்து வாங்குங்கள். 1950களில் வந்த எம்2வுக்கு நீலம் பாய்ந்த வெள்ளை லைட் கொஞ்சமும் பொருந்தாது. மங்கிய மஞ்சள்தான் அழகு.

தடையை மிச்சம் பிடிக்க வெள்ளையையும் சிவப்பையும் சமாந்தரமாக ஒரே தடையில் கட்டாதீர்கள். சிவப்பு ஏறத்தாழ 2 வோல்ட்டிலேயே எரியத் தொடங்கி, வோல்ட்டை அதற்கு மேல் ஏற விடாது. வெள்ளை எரியாது. நல்ல எல்இடியைக் கழற்றி எறிபவர்கள் இதனால்தான் எறிகிறார்கள்.

ஸ்பீக்கரில் மலிந்த தவறு, பெட்டி இல்லாமல் கூட்டுக்குள் தொங்க விடுவது. முன்னால் வரும் ஒலியைப் பின்னால் வருவது தின்றுவிடும். ஸ்பீக்கரைக் கையில் பிடித்துக் கேட்டால் நுளம்பு போலக் கீச்சென்றுதான் கேட்கும். அதையே குட்டிப் பெட்டியின் விளிம்பில் காற்றுப் புகாமல் அழுத்திப் பாருங்கள், அடிச் சத்தம் எழும்பும். விளிம்பில் மயிரளவு இடைவெளி இருந்தாலும் அது போய்விடும், ஆகவே சுற்றிவர அடையுங்கள். சூப்பர் குளூ வேண்டாம், அது பொங்கி மெல்லிய சவ்வில் பட்டால் ஸ்பீக்கர் முடிந்தது.

டிகோடர் கையேட்டில் உள்ள ஓமுக்குக் கீழே போகாதீர்கள். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரைச் சமாந்தரமாகக் கட்டினால் 4 ஓம். 8 ஓம் கேட்கும் டிகோடரின் அம்ப் அதில் சூடேறி விழும். பழைய லொக்சவுண்ட் 3.5 கேட்டது 100 ஓம் என்பதால், யாரோ தந்த பழைய டிகோடருக்குப் புது ஸ்பீக்கர் போடுமுன் இரண்டையும் பாருங்கள். ஸ்பீக்கரின் ஈயப் பற்று உலோகச் சட்டத்தில் முட்டினாலும் அம்ப் போகும். கரன்ட் கடத்தாத கப்டன் டேப் ஒரு துண்டு போதும்.

கரகரப்பு இருந்தால் கூட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். நின்றுவிட்டால் அதிர்வது கூடு. நிற்காவிட்டால் வொலியூமைக் குறைத்துப் பாருங்கள். சவுண்ட்ட்ராக்ஸ் டிகோடரில் அதற்குச் சிவி 128, புதிய லொக்சவுண்டில் சிவி 63. இன்னொன்று, எம்2வுக்கு இஎம்டி 567 டீசல் எந்திரத்தின் சத்தமும், எம்4 வகை இஞ்சினுக்கு அல்கோ 251 எந்திரத்தின் சத்தமும் வேண்டும். மாற்றிப் போட்டால் கோட்டை ஸ்டேஷனில் நின்று வளர்ந்தவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள்.

சிவிகளை வாசிக்கவும் எழுதவும் தனியாக வைத்த புரோகிராமிங் ட்ராக்கில் 'வாசிக்க முடியவில்லை' என்று வருவதும் டிகோடர் செத்ததற்குச் சாட்சி அல்ல. டிகோடர் பதில் சொல்வது, பொதுவாக மோட்டரை ஒரு கணம் தட்டிக் கரன்ட்டை உயர்த்தித்தான். மோட்டர் இணைக்கப்படாவிட்டாலோ சில்லு அழுக்கானாலோ அந்தப் பதில் போய்ச் சேராது.

எரிந்த மணம், உறையில் பழுப்புப் பொட்டு, சுட்ட பிளாஸ்டிக். இவை இருந்தால் மட்டும் டிகோடர் போனதாக எடுங்கள். அப்போதும் கையிருப்பில் உள்ள நல்ல டிகோடரை உடனே அதே இஞ்சினில் செருகிவிடாதீர்கள். முதலாவதைக் கொன்ற கோளாறு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. டிகோடரைக் கழற்றிவிட்டு மல்ட்டிமீட்டரைப் 'பீப்'பில் போட்டு, மோட்டரின் ஒரு பிரஷ்ஷிலிருந்து (மோட்டருக்குள் கரன்ட் கொடுக்கும் தொடுகை) இடது சில்லு, வலது சில்லு, உலோகச் சட்டம் என்று ஒவ்வொன்றாகத் தொடுங்கள். பிறகு மற்றப் பிரஷ். எங்காவது ஒரு இடத்தில் மீட்டர் கத்தினால் மோட்டர் தனிப்படுத்தப்படவில்லை, அதைத் திருத்தும்வரை புது டிகோடர் பெட்டியிலேயே இருக்கட்டும்.