டாஷ்போட்டுக்குள் விழுந்த ஸ்குறூவை எடுக்க

றேடியோ செற்றைக் கழற்றும்போது ஒரு ஸ்குறூ கைநழுவி டாஷ்போட்டுக்குள் விழுந்துவிட்டால், கிடக்கட்டும் என்று விடாதீர்கள். வன்னியில் ஏ9 வீதியை விட்டு உள்ளே இறங்கினால் பல இடங்களில் கிறவல் பாதைதான். அந்தக் குலுக்கலில் அது ஓயாமல் சத்தம் போடும். வயர் இணைப்புகளுக்குள் சிக்கினால் ஷோர்ட் ஆகி ஃபியூஸும் போகலாம்.

முதலில் சாவியை எடுத்துவிட்டு, பற்றறியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். எயார்பேக் உள்ள கார் என்றால் சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். எயார்பேக்குக்குப் போகும் மஞ்சள் நிற வயர்களில் கை வைக்கவே வேண்டாம்.

அவசரப்பட்டுக் கையை விட்டுத் துழாவினால் அது இன்னும் ஆழத்துக்குப் போய்விடும். போன் டோர்ச்சைப் போட்டு, இடுக்குக்குள் நீட்டி வீடியோ எடுத்துப் பாருங்கள். கண்ணுக்கு எட்டாதது அதில் தெரியும். இடம் போதாவிட்டால் டாஷ்போட்டில் உள்ள லாச்சியை (குளோவ் பொக்ஸை) கழற்றலாம். பல கார்களில் அதன் இரு பக்கச் சுவரையும் உள்நோக்கி அழுத்தினாலே கீழே இறங்கிவிடும்.

இரும்பு ஸ்குறூ என்றால், வளையக்கூடிய கம்பி நுனியில் சின்னக் காந்தத்தை வைத்து, கம்பி முழுவதும் இன்சுலேஷன் டேப் சுற்றி இறக்குங்கள். பித்தளையும் பிளாஸ்டிக் கிளிப்பும் காந்தத்துக்கு வராது. அவற்றுக்கு நுனியில் இரட்டைப் பக்க டேப் ஒட்டுங்கள். வெயிலில் நின்ற காரில் டேப்பின் பிடி இளகிவிடும், ஆகவே மர நிழலில் விட்டு ஆறியபின் செய்யுங்கள்.

அப்புறம், அடுத்தமுறை கழற்றுமுன் அந்த இடுக்கில் ஒரு பழைய துணியைச் செருகிவிடுங்கள்.