வெளிநாட்டில் பகுதிநேர வேலை: எந்த விசாவில் எவ்வளவு முடியும் என்று கண்டறியும் முறை

பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் இறுதியாண்டு படிக்கும் தம்பி தங்கைகளும், கணவர் வேலை பார்க்கும் நாட்டுக்குக் குடிபெயரத் தயாராகும் மேலப்பாளையத்துப் பெண்களும் கேட்பது ஒரே கேள்விதான்: பகுதிநேர வேலைக்கு எந்த விசா எடுக்க வேண்டும்? பெரும்பாலான நாடுகளில் அப்படித் தனியாக ஒரு விசா கிடையாது. படிப்புக்காகவோ குடும்பத்தோடு சேர்வதற்காகவோ கொடுக்கப்படும் விசாவோடு, இவ்வளவு மணி நேரம் வேலை பார்க்கலாம் என்ற அனுமதியும் சேர்ந்து வருகிறது. ஆகவே விசாவின் பெயரைக் காட்டிலும் அதன் நிபந்தனைகளைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

படி 1: எதற்காகப் போகிறீர்கள் என்பதைத் தீர்மானியுங்கள்

மாணவர், வேலை பார்ப்பவரின் துணைவர், சுற்றுலாப் பயணி ஆகிய மூவருக்கும் விதிகள் வெவ்வேறு. சுற்றுலா விசாவில் போய் அங்கே கடையிலோ உணவகத்திலோ வேலைக்குச் சேர்வது எங்கும் சட்டவிரோதம். துபாய்க்கு விசிட் விசாவில் போய் வேலை தேடுவது நம் பகுதியில் வழக்கமாகிவிட்டாலும், வேலை அனுமதி கைக்கு வருமுன் ஒரு நாள் வேலை பார்த்தாலும் அது குற்றமே.

துணைவர் விசாவில் போகிறவர்கள் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும். அமெரிக்காவில் எச்-1பி என்ற பணி விசாவில் இருப்பவரின் துணைவருக்குத் தரப்படும் எச்-4 விசாவில் இருப்பவர் தனி வேலை அனுமதி அட்டை இல்லாமல் வேலை பார்க்க முடியாது. அந்த அட்டையும் 2015 முதல், நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமைக்கான (கிரீன் கார்டு) நடைமுறையில் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டிய எச்-1பி பணியாளர்களின் துணைவருக்கு மட்டுமே கிடைக்கிறது. சிங்கப்பூரில் 2021 மே முதல் துணைவர் அனுமதியில் இருப்பவரும் தனியாக வேலை அனுமதி பெற்றாக வேண்டும். பிரிட்டனிலோ, 2024 ஜனவரி முதல் தொடங்கும் படிப்புகளில் ஆராய்ச்சி மாணவர்களும் அரசு உதவித்தொகை பெறும் சிலரும் மட்டுமே குடும்பத்தை அழைத்துச் செல்லலாம்.

நம் இளைஞர்கள் அதிகம் அறியாத இரண்டு வாய்ப்புகளை இங்கே சொல்லியாக வேண்டும். ஒன்று, 18 முதல் 30 வயது வரையுள்ள இந்தியப் பட்டதாரிகளுக்குப் பிரிட்டன் ஆண்டுக்கு 3,000 இடங்கள் வரை குலுக்கல் முறையில் வழங்கும் இளம் தொழில்முறையாளர் விசா; இதில் இரண்டு ஆண்டுகள் தங்கி, பகுதிநேரமோ முழுநேரமோ விரும்பிய வேலையைப் பார்க்கலாம். மற்றொன்று, அதே வயதினருக்கு ஆஸ்திரேலியா 2024 முதல் ஆண்டுக்கு 1,000 இடங்களோடு நடத்தும் 462 என்ற விடுமுறைப் பணி விசா.

படி 2: மணிக்கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

மாணவர் விசாவில், வகுப்பு நடக்கும் காலத்தில், பட்டப்படிப்பு மாணவருக்குப் பிரிட்டன் வாரத்துக்கு 20 மணி நேரம் அனுமதிக்கிறது. கனடாவில் கல்லூரி வளாகத்துக்கு வெளியே 24 மணி நேரம். இது 2024 நவம்பரில் 20-லிருந்து உயர்த்தப்பட்டது. ஜப்பானில் தனி அனுமதி பெற்றபின் 28 மணி நேரம். ஜெர்மனி ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் என்று கணக்கிடுகிறது. அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் வளாகத்துக்குள் மட்டுமே 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். தனி அனுமதியின்றி வெளியே பெட்ரோல் பங்கிலோ உணவகத்திலோ நின்றால் விசாத் தகுதியையே இழக்க நேரிடும்.

ஆஸ்திரேலியாவில் இரு வாரங்களுக்கு 48 மணி நேரம். கணக்குத் தவறுவது பெரும்பாலும் இங்கேதான், ஏனெனில் எந்தத் திங்கட்கிழமையிலிருந்து எண்ணினாலும் அடுத்த 14 நாட்களின் கூட்டுத்தொகை 48-ஐத் தாண்டக் கூடாது. முதல் வாரம் 18, இரண்டாம் வாரம் 28, மூன்றாம் வாரம் 22 மணி நேரம் வேலை பார்த்தவர், முதல் இரு வாரங்கள் 46 தானே என்று நிம்மதியாக இருந்துவிடலாம். ஆனால் இரண்டாம், மூன்றாம் வாரங்களைக் கூட்டினால் 50 வந்துவிடுகிறது. படிப்பு தொடங்குமுன் அங்கே வேலையில் சேரவும் கூடாது.

விடுமுறையில் முழுநேரம் பார்க்கலாம் என்ற சலுகையையும் ஆராய்ந்தே நம்ப வேண்டும். பிரிட்டனில் ஓராண்டு முதுகலை படிப்பவர் ஆய்வேடு எழுதும் கோடை மாதங்கள் பொதுவாகப் படிப்புக் காலமாகவே கருதப்படுகின்றன. இளங்கலை மாணவருக்குள்ள கோடை விடுமுறை அவருக்கு இல்லை. பல்கலைக்கழகத்தின் கால அட்டவணையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 3: எந்த வேலை ஆகாது என்று பாருங்கள்

மணிக்கணக்குச் சரியாக இருந்தாலும் வேலையின் தன்மை தவறாக இருக்கலாம். பிரிட்டனில் மாணவர் விசாவில் சுயதொழில் செய்யக் கூடாது. உணவு டெலிவரி செயலிகளில் ஓட்டுவது பெரும்பாலும் சுயதொழிலாகவே கொள்ளப்படுகிறது. நண்பரின் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது அதைவிடப் பெரிய ஆபத்து. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

படி 4: வருமானத்தைக் கடன் கணக்கில் சேர்க்காதீர்கள்

தாமிரபரணிப் பாசனத்து வயலைப் பிணையாக வைத்துக் கல்விக் கடன் வாங்கும் குடும்பங்களிடம், பகுதிநேரச் சம்பளத்திலேயே கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்று சில ஆலோசனை நிலையங்கள் ஆசை காட்டுகின்றன. அந்த நாடுகளே அதை ஏற்பதில்லை. ஜெர்மனிக்கு ஓராண்டுச் செலவாக 11,904 யூரோவை, மாதந்தோறும் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் முன்கூட்டியே காட்ட வேண்டும். பிரிட்டனுக்குக் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாட்கள் வங்கியில் இருந்திருக்க வேண்டும். வேலை கிடைக்கப் பல வாரங்கள் ஆகலாம், தேர்வுக் காலத்தில் குறையலாம். சாப்பாட்டுக்கும் பேருந்துக்கும் அந்த வருமானம் உதவும் என்று மட்டும் கணக்கிட்டு, கட்டணத்தையும் வாடகையையும் வேறு வழியில் உறுதிசெய்த பிறகு புறப்படுவதே நல்லது.

படி 5: ஊரிலேயே முடிக்க வேண்டியவை

பாஸ்போர்ட்டுக்குத் திருநெல்வேலி சேவா கேந்திரமே போதும்; பல நாடுகளின் விசாவுக்குக் கைரேகை பதியச் சென்னை செல்ல நேரிடும். வேலையும் வாங்கித் தருவதாகச் சொல்லும் முகவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்பதை இமைக்ரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் தவிர வேறு சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது. வாங்கும் தொகைக்கு ரசீதும் கேளுங்கள்.

படி 6: போய் இறங்கியதும்

ஆஸ்திரேலியாவில் வரி எண்ணையும், பிரிட்டனில் தேசியக் காப்பீட்டு எண்ணையும், கனடாவில் சமூகக் காப்பீட்டு எண்ணையும் பெறுங்கள். கையில் ரொக்கமாகச் சம்பளம் தந்து கணக்கில் காட்டாத முதலாளியிடம், அவர் நம் ஊர் அண்ணாச்சியாகவே இருந்தாலும், சேராதீர்கள். சம்பளம் நிலுவையானால் அங்கே முறையிட உங்களிடம் சான்று இருக்காது. சம்பளச் சீட்டுகளை மாதவாரியாகச் சேர்த்து வையுங்கள், வேலை பார்த்த மணி நேரத்தை ஒவ்வொரு நாளும் எழுதி வையுங்கள். அடுத்த விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது அதிகாரி கேட்டால் காட்ட வேண்டியவை இவைதான்.