ஜெர்பில் படுக்கை: புதிதாக வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தபோது, தெரிந்த தம்பி ஒருவர் கைபேசியை என் பக்கம் நீட்டினார். “அண்ணா, இதைப் பாருங்களேன். புதுசா ரெண்டு ஜெர்பில் வாங்கியிருக்கோம். என்ன சுறுசுறுப்பு!” ஜெர்பில் என்றால் வீட்டில் வளர்க்கும், எலி போன்ற சின்னக் கொறிப்பிராணி. கண்ணாடித் தொட்டியின் மூலையில் ஒரு குட்டி ஜெர்பில் பின்னங்காலில் நிமிர்ந்து நின்று, முன்னங்கால் இரண்டாலும் கண்ணாடியைப் பறித்துக்கொண்டிருந்தது. நிறுத்தவே இல்லை. தொட்டியின் அடியில் இரண்டு விரல் கனத்துக்கு மரச்சீவல்.

இதே காட்சி என் பழைய கைபேசியிலும் இருந்தது. லண்டனுக்கு வெளியே நாங்கள் குடிவந்த முதல் குளிர்காலத்தில் மகளுக்காக இரண்டு ஜெர்பில் வாங்கினோம். மண் நிறத்தில் இருந்தது கடலை, கறுப்பு மிளகு. கடலை மூலையைப் பறிப்பதைப் படம் பிடித்து ஊரில் இருக்கும் எல்லோருக்கும் அனுப்பினேன். அது எனக்கு விளையாட்டாகத் தெரிந்தது. அதன் பொருள் புரிவதற்குள் எட்டு மாதம் போய்விட்டது.

அந்தத் தம்பிக்கு வாசலில் நின்றபடி பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். தண்ணீர் வையுங்கள், அழுக்கை அள்ளுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

இரண்டு விரல் கனம்

“படுக்கை” என்று நாம் சொல்வதிலேயே தடுமாற்றம் தொடங்குகிறது. படுக்கை என்றதும் படுத்துத் தூங்க மெத்தென்று ஏதோ விரிப்பது என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. கடையில் விற்கும் கூண்டும் அப்படித்தான்: ஆழமில்லாத பிளாஸ்டிக் தட்டு, மேலே கம்பி. தட்டு நிறைந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம்.

ஜெர்பிலுக்கு அது தரை விரிப்பு அல்ல, நிலம். வீடுகளில் வளர்ப்பது மங்கோலிய ஜெர்பில். அதன் சொந்த ஊர் மங்கோலியாவும் வட சீனாவும் சார்ந்த புல்வெளி. குளிர்காலத்தில் மைனஸ் 40 டிகிரி வரை இறங்கும் இடம் அது. அங்கே மண்ணுக்கு மேலே பிழைக்க வழியில்லை. குடும்பமாக வளை தோண்டி, உள்ளே தூங்க ஓர் அறை, தானியம் சேர்க்க ஓர் அறை, போக வரப் பல வாசல் என்று வாழும் பிராணி. நம் ஊர் வயல்வரப்பில் வளை போடும் வெள்ளெலியும் ஜெர்பில் வகைதான். இன்று உலகெங்கும் வளர்க்கும் ஜெர்பில்களில் பெரும்பாலானவை 1935இல் பிடிபட்ட இருபது ஜோடியின் வழி வந்தவை. அத்தனை தலைமுறை கூண்டில் பிறந்தும் வளை வேண்டும் என்ற தேவை அதன் உடம்பை விட்டுப் போகவில்லை.

மூலையைப் பறிப்பது அந்தத் தேவையின் வெளிப்பாடு. கொஞ்ச நேரம் பறித்துவிட்டுப் போனால் பரவாயில்லை. கடலை அப்படி இல்லை. ஒரே மூலை, ஒரே அசைவு, நிமிடக்கணக்கில். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் அதே மூலைக்கு வரும். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் கரகரப்பு பக்கத்து அறை வரை கேட்கும். தோண்ட மண் இல்லாததால் பறிக்கிறது என்று நினைத்து ஒரு பெரிய சட்டி நிறைய மணல் வைத்தேன். யாருக்கும் தோன்றக்கூடிய யோசனைதான். இரண்டும் ஏறி மணலை இறைத்தன, புரண்டன, இறங்கின. கடலை நேராக மூலைக்குப் போய்விட்டது.

ஏன் என்பதற்குக் கிறிஸ்டோஃப் வீடன்மையர் என்பவர் 1997இல் வெளியிட்ட ஆய்வில் விடை இருந்தது. சில ஜெர்பில் குட்டிகளுக்குத் தோண்ட உலர்ந்த மணல் மட்டும் கொடுத்தார். தோண்டலாம், ஆனால் அந்த மணலில் வளை நிற்காது. வேறு சில குட்டிகளுக்குத் தோண்ட எதுவும் இல்லை. அதற்குப் பதிலாகக் குழாய் வழியாகப் போய்ச் சேரும் இருட்டு அறை ஒன்றைத் தயாராகவே வைத்தார். மணலில் வளர்ந்த குட்டிகளுக்கு மூலை பறிக்கும் பழக்கம் வந்தது. தயார் வளை கிடைத்த குட்டிகளுக்கு வரவில்லை. ஆக, அவை தேடுவது தோண்டும் வேலையை அல்ல, தோண்டி முடித்தபின் உள்ளே போய் ஒளிய ஓர் இடத்தை. “எலி வளையானாலும் தனி வளை” என்று நாம் சொல்வோமே. ஜெர்பிலுக்குத் தனிமை ஆகாது, ஜோடியாகத்தான் வைக்க வேண்டும். ஆனால் அந்த ஜோடிக்கு வளை ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

இதைப் படித்த வாரமே தொட்டியை நிரப்பினேன். அங்கேயும் ஒரு தப்புச் செய்தேன். சீவலை மட்டும் ஓர் அடி உயரத்துக்குக் கொட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். அவை தோண்டத் தோண்டச் சீவல் சரிந்து வாயை மூடியது. ஆழம் இருந்தும் வளை நிற்கவில்லை, மணலில் நடந்த அதே கதைதான். வளை நிற்க வேண்டுமானால் நார் நாராக ஏதாவது உள்ளே ஓட வேண்டும், மண்சுவரில் வைக்கோல் கலப்பது போல. இப்போது நான் செய்வது இது: நான்கைந்து விரல் உயரத்துக்கு ஆஸ்பென் என்ற மரத்தின் சீவல் அல்லது காகிதப் படுக்கை, அதன்மேல் ஒரு கை காய்ந்த புல், கிழித்த அட்டை, மறுபடியும் சீவல். ஒவ்வோர் அடுக்கையும் உள்ளங்கையால் நன்றாக அழுத்துவேன். புல் நீளமாக இருக்க வேண்டும், பொடியாக நறுக்கினது பிடிக்காது. டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டைக் குழாய் இரண்டு மூன்றைச் சாய்வாக உள்ளே புதைத்து, ஒன்றின் வாய் மட்டும் வெளியே தெரியும்படி விடுவேன். புதுக் குட்டிகள் அந்த வாயில் தொடங்கி மீதியைத் தாங்களே கட்டிக்கொள்ளும். குழாயையும் சில நாளில் கடித்துச் சுக்குநூறாக்கிவிடும். அதுவும் படுக்கையோடு சேர்ந்துவிடும், நல்லதுதான்.

எவ்வளவு ஆழம்? 20 சென்டிமீட்டருக்குக் கீழே வேண்டாம், 30 இருந்தால் நிம்மதி. எங்கள் தொட்டி 100 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம். 30 உயரத்துக்கு நிரப்ப 120 லிட்டர் படுக்கை வேண்டும். 5 சென்டிமீட்டருக்கு 20 லிட்டர் போதும். கடையில் இந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் பலர் பின்வாங்குகிறார்கள். ஆனால் மேலோட்டமாக விரித்தது சீக்கிரமே நாறும், அடிக்கடி மொத்தமாகக் கொட்ட வேண்டும். ஆழமாக நிரப்பியது மாதக்கணக்கில் நிற்கும். ஜெர்பில் வறண்ட நிலத்துப் பிராணி, சிறுநீர் கொஞ்சமாகத்தான் போகும். வருடக் கணக்குப் போட்டால் பெரிய செலவு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. கம்பிக் கூண்டில் இந்த ஆழம் நிற்காது, எல்லாம் வெளியே கொட்டும். கண்ணாடித் தொட்டியும் மேலே கம்பிவலை மூடியும்தான் சரிப்படும்.

வளை நின்ற இரண்டே வாரத்தில் மிளகு மூலைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டது. கடலை நிறுத்தவில்லை. குறைந்தது, அவ்வளவுதான். இந்தப் பழக்கம் குட்டியாக இருக்கும்போதே ஊன்றிவிடுகிறது, ஊன்றியபின் வளை கொடுத்தாலும் முழுதாகப் போவதில்லை. கடலை மூன்றே முக்கால் வருடம் இருந்தது. கடைசி வாரங்களில்கூட, அருமையான வளையை விட்டு வெளியே வந்து அந்த மூலையில் கொஞ்ச நேரம் பறித்துவிட்டுப் போகும். அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. தொட்டியை விற்றவர் அதோடு ஒரு சின்னப் பை சீவலைக் கொடுத்து “இது போதும்” என்றார். நானும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. பள்ளி வாசலில் அந்தக் காணொளியைப் பார்த்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் “எத்தனை இஞ்ச் போட்டிருக்கீங்க?” என்று கேட்டது இதனால்தான்.

கனமான சாமானைப் படுக்கைமேல் வைப்பது

ஆழமாக நிரப்பத் தொடங்கியவர்கள் அடுத்துச் செய்வது இது. மணல் குளியலுக்கான பீங்கான் சட்டி, கல், மர வீடு, சக்கரம், எல்லாவற்றையும் சீவல்மேல் வைத்துவிடுகிறார்கள். ஜெர்பில் நேராக அதன் அடியில்தான் தோண்டும், மேலே கூரை மாதிரி இருப்பது அதற்குப் பிடிக்கும். ஒரு நாள் சட்டி இறங்கும். பெரிய ஜெர்பிலின் எடையே 100 கிராமை ஒட்டித்தான் இருக்கும். ஒரு கிலோ சட்டி அதன்மேல் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் சட்டி இறங்கியபோது அடியில் யாரும் இல்லை.

கனமான எதுவும் தொட்டியின் அடித்தரையில் நிற்க வேண்டும், அல்லது அடித்தரையில் ஊன்றிய நான்கு கால் பலகைமேல் இருக்க வேண்டும். பலகையை முதலில் வைத்துவிட்டு அதைச் சுற்றிப் படுக்கையை நிரப்புங்கள்.

வாசனை நல்லா இருக்கே என்று சீடார் மரச்சீவல் வாங்குவது

அந்த வாசனைதான் பிரச்சினை. சீடார், பைன் போன்ற மென்மரங்களிலிருந்து ஆவியாகும் பொருள்கள் கொறிப்பிராணிகளின் கல்லீரலைப் பாதிக்கும் என்பது 1967லேயே தெரிந்துவிட்டது. எலியட் வெசெல் என்ற ஆய்வாளர், அந்தச் சீவலில் வைத்த எலிகளின் கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் நொதிகள் கூடியிருப்பதைக் காட்டினார். நோய் எதிர்ப்புக்கோ மயக்கத்துக்கோ மருத்துவர் மருந்து கொடுக்கும் நாளில் இது விளையாட்டல்ல. சூளையில் உலர்த்திய பைன் பரவாயில்லை என்று சொல்பவர்கள் உண்டு. ஆஸ்பென் கிடைக்கும்போது அந்த விவாதத்துக்குள் நான் போவதில்லை. லாவெண்டர், எலுமிச்சை என்று மணமேற்றியதும் வேண்டாம்.

எந்த மரமாக இருந்தாலும் சீவலாக வாங்குங்கள், தூளாக வேண்டாம். பையைத் திறந்து ஒரு கை அள்ளிப் போடுங்கள். வெளிச்சத்தில் தூசி பறந்தால் அது நேராக நுரையீரலுக்குத்தான் போகும்.

கூடு கட்டும் பஞ்சு

காலில் சுற்றும், குடலில் அடைக்கும். மணமில்லாத வெள்ளை டிஷ்யூவைக் கொடுங்கள், அதுவே கிழித்துக்கொள்ளும்.

பூனை மண்

பூனையின் கழிப்புத் தட்டில் போட விற்கும் மண் கூடவே கூடாது.

வாராவாரம் முழுதாக மாற்றுவது

நம் வீடுகளில் சுத்தம் என்றால் கழுவிக் கவிழ்ப்பது. அந்த அக்கறையில் சனிக்கிழமைதோறும் தொட்டியை மொத்தமாகக் காலி செய்து, சோப்புப் போட்டுக் கழுவி, புதுச் சீவல் நிரப்பும் குடும்பங்களை எனக்குத் தெரியும். ஜெர்பிலின் வயிற்றில் ஒரு வாசனைச் சுரப்பி இருக்கிறது. வயிற்றை உரசி உரசித்தான் இது என் இடம், இவர்கள் என் ஆட்கள் என்று எழுதி வைக்கிறது. அந்த எழுத்தையெல்லாம் ஒரே நாளில் அழித்தால் கூடவே வளர்ந்த இரண்டும் ஒன்றையொன்று அந்நியமாகப் பார்த்துச் சண்டை போடக்கூடும். ஜெர்பில் சண்டை ரத்தம் வரும் வரை போகும். பிரிந்தால் மறுபடி சேர்ப்பது பெரும்பாடு.

அவை ஒதுக்குப்புறமாக வைத்திருக்கும் மூத்திர மூலையை மட்டும் சில நாளுக்கு ஒருமுறை அள்ளுங்கள். மாதம் ஒன்றோ இரண்டோ கழித்து மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் புதியதைக் கலந்துவிடுங்கள். தூங்கும் கூட்டை அப்படியே விடுங்கள். மூக்கு சொல்வதைக் கேளுங்கள், நாள்காட்டி சொல்வதை அல்ல. நன்றாகப் பராமரித்த தொட்டியில் காய்ந்த புல் வாசம்தான் வரும்.

ஈரத்தைக் கவனிக்காமல் விடுவது

ஆழமான படுக்கைக்கு எதிரி ஈரம். மேலே காய்ந்திருக்கும், அடியில் பூஞ்சை பிடித்திருக்கும். காரணம் அநேகமாகத் தண்ணீர்ப் புட்டி. ஜெர்பில் தோண்டிய சீவலை எங்காவது குவிக்கும். குவியல் புட்டியின் மூக்கைத் தொட்டுவிட்டால் ஒரே ராத்திரியில் தண்ணீர் முழுவதும் கீழே இறங்கிவிடும். காலையில் புட்டி காலி. “நிறையக் குடிச்சிருக்கு” என்று நாம் மறுபடி நிரப்பி வைப்போம். புட்டியைப் பலகைக்கு மேலே, படுக்கையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மாட்டுங்கள். திடீரென்று காலியானால் அடியில் கைவிட்டுப் பாருங்கள். நனைந்த இடத்தை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.

காற்றின் ஈரப்பதமும் முக்கியம். 50 சதவீதத்தைத் தாண்டினால் முடி பிசுபிசுத்துக் குச்சி குச்சியாக நிற்கும். மூக்கைச் சுற்றிச் சிவப்பாகத் தெரிந்தால் அது எப்போதும் ரத்தம் அல்ல. கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியிலிருந்து வரும் செந்நிறக் கசிவு, துடைக்கப்படாமல் தங்கித் தோலை அரிக்கிறது. வாரத்தில் சில முறை மணல் குளியல் வைத்தால் முடியும் மூக்கும் சுத்தமாகும். மணல்தான், சின்சில்லா என்ற பிராணிக்கு விற்கும் மாவு போன்ற தூசி அல்ல. சிவப்பு போகாமல் புண்ணாகிவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்தத் தம்பி மறு வாரமே 120 லிட்டர் நிரப்பிவிட்டார். இரண்டு நாள் கழித்து ராத்திரி பதினோரு மணிக்குச் செய்தி வந்தது: “அண்ணா, ரெண்டையும் காணோம். வாசலை உள்ளேயிருந்து புல்லால அடைச்சுக்கிச்சுங்க. தோண்டிப் பார்க்கட்டுமா?” வேண்டாம், நாலு பூசணி விதையை மேலே தூவிவிட்டு விளக்கை அணையுங்கள் என்று எழுதினேன். காலையில் விதை ஒன்றுகூட இல்லை என்று பதில் வந்தது.